145 மில்லியன் சோடி சப்பாத்துகள்: '1984' நாவலை வன்னியிலிருந்து வாசித்தல்

ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலில் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு ஓர் அரச உத்தியோகம் இருக்கிறது. உண்மை அமைச்சில் இருந்துகொண்டு பழைய பத்திரிகைகளைத் திருத்துவது. ஒருநாள் அவனுடைய மேசைக்குச் சப்பாத்துக் கணக்கு ஒன்று வருகிறது. அந்தக் காலாண்டில் 145 மில்லியன் சோடி சப்பாத்துகள் செய்யப்படும் என்று அரசு முன்பு அறிவித்திருந்தது. செய்து முடித்ததாக இப்போது சொல்வதோ 62 மில்லியன். வின்ஸ்டன் பழைய அறிவிப்பில் இருந்த 145ஐ 57 ஆக மாற்றிவிடுகிறான். சரி, இலக்கைத் தாண்டி உற்பத்தி நடந்துவிட்டது. அப்புறம் தனக்குள் யோசிக்கிறான். 57, 145 போலவே 62உம் பொய்தான். ஒரு சோடி கூடச் செய்யாமலே இருந்திருக்கலாம். நாட்டில் பாதிச் சனம் வெறுங்காலோடு திரிகிறது என்பது மட்டும் நிச்சயம்.

வன்னியில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது. 2009இன் தொடக்கத்தில், வட இலங்கையில் நடந்த இறுதிப் போருக்குள் அகப்பட்டிருந்த வன்னிச் சனம் எத்தனை பேர் என்பதே பெரிய இழுபறியாக இருந்தது. கொழும்பு எழுபதாயிரம், ஒரு லட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த அரச அதிகாரிகளின் கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியது. உணவும் மருந்தும் சின்னக் கணக்கை வைத்தே அளக்கப்பட்டன. கடைசியில் உயிரோடு வெளியே வந்து பதியப்பட்டவர்களே இரண்டரை லட்சத்துக்கு மேல். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? அவர் கேட்டது அவ்வளவுதான். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு அது.

வின்ஸ்டன் தன் நாட்குறிப்பில் எழுதுவதும் அப்படி ஒரு கணக்கைத்தான். இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்ல முடிவதே சுதந்திரம், அது கிடைத்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்கிறான். இந்த நாவலைக் கண்காணிப்புக் கமராவைப் பற்றிய கதையாகவே பலர் படிக்கிறார்கள். கமரா அதில் இருக்கிறதுதான். ஆனால் ஓர்வெல் தன் கலை முழுவதையும் சின்ன விஷயங்களில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்: ஒரு கூட்டல் கணக்கு, ஒரு சொக்லேட் துண்டின் நிறை, ஒரு தாயின் கை அசைவு. அதிகாரம் கடைசியில் வந்து உடைப்பதும் இவற்றைத்தான். நாவலின் உத்திகளை இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அவை ஏன் அப்படி அமைந்தன என்பது தெளிவாகும்.

ஓர்வெல்லைப் பற்றிச் சுருக்கமாக. இயற்பெயர் எரிக் ஆதர் பிளேயர். 1903இல் பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்தவர். இருபதுகளில் பர்மாவில் பிரித்தானியரின் பொலிஸ் அதிகாரியாக இருந்தார். 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு எதிராகச் சண்டையிட்டுக் கழுத்தில் சூடு வாங்கினார். அங்கே தன்னோடு களத்தில் நின்றவர்களைச் சோவியத் சார்பாளர்கள் துரோகிகள் என்று முத்திரை குத்தி வேட்டையாடியதைக் கண்டார். சண்டையே நடக்காத இடத்தில் பெருஞ்சமர் நடந்ததாகவும், நூற்றுக்கணக்கானோர் செத்த இடத்தில் ஒன்றுமே நடக்காததுபோலவும் பத்திரிகைகள் எழுதியதை அங்கேதான் முதலில் பார்த்ததாகப் பின்னர் எழுதினார். 1941 முதல் 1943 வரை பிபிசியின் கிழக்குச் சேவையில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் வானொலி கேட்ட சனத்துக்குப் பிபிசி தமிழோசை யாரென்று சொல்லத் தேவையில்லை. காசநோயோடு ஸ்கொட்லாந்தின் ஜூரா தீவில் இருந்து எழுதிய '1984' 1949 ஜூன் 8இல் வெளியானது. அடுத்த ஜனவரியில், 46 வயதில் இறந்துபோனார்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஓசியானியா என்ற வல்லரசு, அதை ஆளும் ஒரே கட்சி, சுவரொட்டிகளில் பெரியண்ணனின் முகம். சாதாரணக் கட்சி உறுப்பினனான வின்ஸ்டன் களவாக நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான், ஜூலியா என்ற பெண்ணைக் காதலிக்கிறான், எதிர்ப்பு இயக்கத்தைத் தேடிப் போகிறான், பிடிபடுகிறான், உடைக்கப்படுகிறான்.

முதல் வசனத்திலேயே மணிக்கூடு பதின்மூன்று அடிக்கிறது. ஏப்ரல் மாதம், வெளிச்சம், குளிர் என்று வழக்கமான நாவல்போலத் தொடங்கி ஒரே ஒரு எண்ணால் நிலத்தை அசைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவிந்த கோவாவின் மணம், வேலை செய்யாத லிப்ற், ஏழு மாடிப் படி, வின்ஸ்டனின் கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். கொடுங்கோன்மையை அவர் மூட்டுவலியாகவும் சவர அலகுத் தட்டுப்பாடாகவும் காட்டுகிறார். கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும் வின்ஸ்டனின் தலைக்குள் இருந்து ஓரடிகூட வெளியே போகாது. அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. பெரியண்ணன் என்று ஓர் ஆள் உண்மையிலே இருக்கிறாரா? போர் நடக்கிறதா? எதிர்ப்பு இயக்கம் என்று ஒன்று உண்டா? கடைசிப் பக்கம் வரை பதில் வராது. எந்தச் செய்தியையும் சரிபார்க்க வழியில்லாத நிலையை ஓர்வெல் விவரிக்கவில்லை, வாசகரையே அதற்குள் இருத்திவிடுகிறார்.

உவமை ஒன்றும் சொல்ல வேண்டும். நாவலின் முதல் பக்கங்களில் வீட்டு யன்னல்களை வேவு பார்க்க ஒரு ஹெலிகொப்ரர் தாழ இறங்கி, ஈ போல ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிட்டுப் போகிறது. வன்னிச் சனம் வேவு விமானத்துக்கு வைத்த பெயர் 'வண்டு'. "வண்டு சுத்துது" என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். லண்டன்காரர் ஒருவரும் வன்னிச் சனமும் ஒரே பூச்சி இனத்துக்குப் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே நின்று பார்ப்பதை முதலில் காதுதான் அறிகிறது.

இனி அந்தத் தாயின் கை. நாவலில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் வின்ஸ்டன் முதல்நாள் இரவு பார்த்த போர்ப் படத்தைப் பற்றி எழுதுகிறான். அகதிகள் நிறைந்த கப்பல் ஒன்று மத்தியதரைக் கடலில் குண்டு போட்டு அழிக்கப்படுகிறது. உயிர்காக்கும் படகு ஒன்றில் பிள்ளைகள். மேலே ஹெலிகொப்ரர். ஒரு பெண் மூன்று வயதுப் பொடியன் ஒருவனை மடியில் வைத்திருக்கிறாள். அவன் பயத்தில் கத்தி அவளுடைய நெஞ்சுக்குள் முகத்தைப் புதைக்க, தன் கைகளால் சன்னங்களைத் தடுத்துவிடலாம் என்பதுபோல அவனைச் சுற்றி மூடிக்கொள்கிறாள். குண்டு விழுகிறது. கொட்டகையில் கைதட்டல். கீழ்த்தட்டுப் பெண் ஒருத்தி மட்டும், பிள்ளைகள் பார்க்க இதைக் காட்டலாமா என்று சத்தம் போட, பொலிஸ் அவளை வெளியே தள்ளுகிறது. இதை எழுதும்போது வின்ஸ்டனின் நடை குலைந்துபோகிறது. முற்றுப்புள்ளி போய்விடுகிறது, வசனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடுகின்றன. படத்தை அவன் ரசித்ததாகத்தான் மேலுக்குத் தெரிகிறது. குலைந்த அந்த நடைதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தக் கை பிறகு நூறு பக்கத்துக்கு மேல் காணாமல் போய், இரண்டாம் பாகத்தில் ஒரு கனவாகத் திரும்பி வருகிறது. வின்ஸ்டன் அழுதுகொண்டு எழும்புகிறான். சின்ன வயதில் நடந்தது நினைவுக்கு வருகிறது. பல மாதத்துக்குப் பிறகு நிவாரணமாக ஒரு சொக்லேட் கிடைக்கிறது. தாய், அவன், நோயாளித் தங்கச்சி, மூன்று பேருக்கு. முழுவதும் தனக்கே வேண்டும் என்று அழுகிறான். தாய் முக்கால் பங்கை அவனுக்கும் கால் பங்கைத் தங்கச்சிக்கும் கொடுக்கிறாள். அவன் அந்தக் கால் பங்கையும் பறித்துக்கொண்டு ஓடுகிறான். வாசலில் திரும்பிப் பார்க்கும்போது தாய் தங்கச்சியைக் கையால் அணைத்து நெஞ்சோடு சேர்க்கிறாள். அவன் திரும்பி வந்தபோது இருவரும் இல்லை. அந்த அணைப்பால் சொக்லேட் பெருகப்போவதில்லை, பிள்ளை பிழைக்கப்போவதும் இல்லை. ஆனாலும் அவள் செய்தாள் என்று வின்ஸ்டன் நினைத்துப் பார்க்கிறான். கட்சி செய்த கொடுமை, பயனில்லாத செயலுக்குப் பெறுமதி இல்லை என்று சனத்தை நம்பவைத்ததுதான் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்குகிறது.

முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் பக்கம் இடிந்து விழும். மண்மூட்டை அடுக்கச் சாக்கு இல்லை. பெண்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்தார்கள், கலியாணக் கூறைச் சேலையும் அதில் போனது. மூட்டைச் சுவருக்குள்ளே பிள்ளையைக் கீழே கிடத்தி அதற்கு மேல் தாய் கவிழ்ந்து படுத்த கதை வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கும். ஷெல்லுக்கு உடம்பு தடை இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? கிளிநொச்சியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு இந்த அத்தியாயத்தை வாசிக்கும்போது நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. அவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் அல்லது அப்போது கைக்குழந்தைகள். ஆனால் அந்தக் கை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

சொக்லேட் இன்னொரு இடத்திலும் வருகிறது. வாரப் பங்கீடு 30 கிராமில் இருந்து 20 ஆகக் குறைக்கப்படுகிறது. அடுத்த நாளே, பங்கீட்டை 20 கிராமாக உயர்த்தியதற்காகப் பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி ஊர்வலம் நடந்ததாக, பேசிக்கொண்டே ஆட்களை வேவும் பார்க்கும் தொலைத்திரை அறிவிக்கிறது. ஒருநாள்தான் கழிந்திருக்கிறது, எல்லோரும் அதை விழுங்கிவிடுகிறார்கள். அரசு திருடிய சொக்லேட்டும் அண்ணன் பறித்த சொக்லேட்டும் ஒரே பொருளாக இருப்பது ஓர்வெல்லின் கைத்திறன். முதலாவதை மறந்தவர்களால் இரண்டாவதுக்காக அழ முடியாது.

நான் வின்ஸ்டனோடு உடன்படாத ஓர் இடம் உண்டு. புரட்சிக்கு முந்தைய வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது என்று அறிய அவன் ஒரு மதுக்கடையில் கிழவர் ஒருவரைப் பிடித்துக் கேள்வி கேட்கிறான். கிழவர் பியரின் பழைய அளவைப் பற்றியும், உயர்ந்த தொப்பி போட்ட ஒரு கனவான் தன்னை நடைபாதையில் தள்ளியதைப் பற்றியும் சொல்கிறார். வின்ஸ்டன் சலித்துப்போகிறான். இவர்களின் ஞாபகம் எறும்பின் கண், சின்னது தெரியும், பெரியது தெரியாது என்று நினைக்கிறான். எங்கள் ஊர் அம்மம்மாக்களிடம் கேட்டாலும் அப்படித்தான் பதில் வரும். எந்தச் சந்தியில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தோம், கஞ்சிக்கு எந்தக் கோயிலடியில் வரிசை நின்றோம், யாருடைய ஆட்டுக்குட்டி கூடவே வந்தது. இவற்றை நான் எறும்புக் கண் என்று தள்ளமாட்டேன். இடமும் பொருளும் ஆளும் கொண்ட சாட்சியம் அது. நாவலும் என் பக்கம்தான் நிற்கிறது. வின்ஸ்டன் எதையெல்லாம் பயனற்றது என்கிறானோ அதையெல்லாம் நாவலாசிரியர் பொறுக்கி வைத்திருக்கிறார். பழைய சாமான் கடையில் வாங்கிய, பவளத் துண்டு பதித்த கண்ணாடிக் குண்டு, உண்மையான கோப்பியின் மணம், துணி காயப்போட்டபடி பாடும் பெண். பிடிபடும்போது அந்தக் கண்ணாடிக் குண்டை ஒருவன் கணப்படுப்புக் கல்லில் அடித்து உடைக்கிறான். உள்ளே இருந்த பவளம் எவ்வளவு சின்னது என்று வின்ஸ்டன் அப்போது பார்க்கிறான். இந்தியப் பெருங்கடலில் எடுத்தது என்று கடைக்காரர் சொல்லியிருந்த பவளம் அது.

அந்தப் பிடிபடுதலை ஓர்வெல் எப்போதோ சொல்லிவிட்டார் என்பது இரண்டாவது வாசிப்பில்தான் தெரியும். லண்டன் தேவாலய மணிகளைப் பற்றிய பழைய சிறுவர் பாட்டு ஒன்று துண்டு துண்டாக நாவல் முழுவதும் சேகரிக்கப்படுகிறது. ஒரு வரி கடைக்காரருக்குத் தெரியும், ஒரு வரி ஜூலியாவுக்கு, ஒன்று, எதிர்ப்பு இயக்கத்தவனாக நடிக்கும் உயர்மட்டக் கட்சிக்காரன் ஓ'பிரையனுக்கு. பாட்டின் முடிவு தலையை வெட்டும் கத்தி. பிடிபடும்போது அந்த வரியைத் தொலைத்திரையில் இருந்து சொல்லும் குரல் கடைக்காரருடையது, அவர் சிந்தனைப் பொலிஸ். தொலைத்திரை, வின்ஸ்டனும் ஜூலியாவும் சந்தித்த அறையில் தொங்கிய தேவாலயப் படத்துக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

பெயர் வைக்கும் உத்தியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போர் நடத்துவது சமாதான அமைச்சு, சித்திரவதை செய்வது அன்பு அமைச்சு. வன்னியில் 2009 ஜனவரியில் அறிவித்த 'பாதுகாப்பு வலயம்' ஷெல் விழுந்த இடமானது. போரின் பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. முள்வேலிக்குள் சனத்தை அடைத்த செட்டிகுளம் முகாம்களின் பெயர் 'நலன்புரி நிலையம்'. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பெயர் வைக்கும் அதிகாரம் அரசிடம் மட்டும் இருக்கவில்லை. இங்கே நாவலின் ஒரு காட்சியைக் கவனமாகப் படிக்க வேண்டும். எதிர்ப்பு இயக்கத்தில் சேர வந்த வின்ஸ்டனிடமும் ஜூலியாவிடமும் ஓ'பிரையன் கேள்விகள் கேட்கிறான். கொலை செய்வாயா? நூற்றுக்கணக்கான அப்பாவிகள் சாகும் நாசவேலையைச் செய்வாயா? தேவைப்பட்டால் ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் வீசுவாயா? எல்லாவற்றுக்கும் வின்ஸ்டன் ஆம் என்கிறான். பின்னர் சிறையில், நான் உங்களைவிட மேலானவன் என்று அவன் சொல்லும்போது ஓ'பிரையன் அந்தப் பதிவை அப்படியே போட்டுக் காட்டுகிறான். ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருவன் சுத்தமாகிவிடுவதில்லை என்பதை ஓர்வெல் ஸ்பெயினில் கண்டவர். வன்னியில் புலிகளின் நிர்வாகக் காலத்தை வாழ்ந்தவர்களுக்கும் இது தெரியும். பாஸ் இல்லாமல் வெளியேற முடியாது. 'துரோகி' என்ற சொல் ஒருவர் மேல் விழுந்தால் பிறகு விசாரிக்க ஒன்றுமில்லை. கடைசிக் காலத்தில் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துப் போனபோது தாய்மார் மண்ணை வாரித் திட்டினார்கள், ஆனால் அந்தக் குரல் பத்திரிகைகளில் வந்தது குறைவு. இந்தப் பக்கத்தை மூடிவைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தை மட்டும் '1984' என்று சொல்வது நாவலுக்கும் அந்தத் தாய்மாருக்கும் செய்கிற அநியாயம்.

அன்பு அமைச்சின் அறைகளில் நடப்பதை விரிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியான அறைகளில் இருந்து வந்தவர்கள் எங்களிடையே உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு உவமை தேவையில்லை. கட்டமைப்பை மட்டும் சொல்கிறேன். ஓ'பிரையன் நாலு விரலைக் காட்டி ஐந்து என்று காணச் சொல்கிறான். நாவலின் தொடக்கக் கணக்கு இங்கே வந்து உடைகிறது. ஐந்தாண்டுத் திட்டத்தை நாலு ஆண்டில் முடிப்போம் என்பதற்குச் சோவியத் யூனியனில் உண்மையிலேயே இரண்டும் இரண்டும் ஐந்து என்று சுவரொட்டி போட்டார்கள். அடுத்து 101ஆம் அறை. எலிக் கூட்டுக்கு முன்னால் வின்ஸ்டன் கத்துவது, இதை ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று. படகில் அந்தப் பெண் தன் உடம்பைப் பிள்ளைக்கும் குண்டுக்கும் நடுவில் வைத்தாள். இவன் தனக்கும் எலிக்கும் நடுவில் இன்னொரு உடம்பை இழுத்துவிடுகிறான். அந்தக் கை முற்றாகத் தலைகீழாகிவிட்டது.

காணாமல் போதல் பற்றி நாவலில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. மொழியியலாளர் சைம் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. சதுரங்கக் குழுவின் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. அவன் இல்லை, இருந்ததும் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "மிஸ், சைமைத் தேடி ஒருத்தரும் போகேல்லையோ? அவருக்கு அம்மா இல்லையோ?" ஓர்வெல்லிடம் இதற்குப் பதில் இல்லை. அவருடைய உலகத்தில் பிள்ளைகள்தான் பெற்றோரைக் காட்டிக்கொடுக்கிறார்கள். ஏழு வயது மகள் காட்டிக்கொடுத்ததைப் பார்சன்ஸ் பெருமையோடு சொல்கிறான். தேடி வருகிற தாயை அவர் கற்பனை செய்யவில்லை. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அப்படியே. அவர்கள் கையில் பாடசாலைச் சீருடையோடு எடுத்த படம், அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கலியாண வீட்டுக் குழுப் படத்தில் இருந்து வெட்டி எடுத்த முகம். வின்ஸ்டனுக்கு ஒரு முறை, கட்சியின் பொய்யை நிரூபிக்கும் பத்திரிகைப் படம் ஒன்று கையில் கிடைக்கிறது. பயத்தில் அதை நெருப்புக் குழாய்க்குள் போட்டுவிடுகிறான். இந்தத் தாய்மார் போடவில்லை.

கடைசியாக நாவலின் பின்னிணைப்பு. வின்ஸ்டன் பெரியண்ணனை நேசிக்கிறான் என்று கதை முடிந்த பிறகு, கட்சி உருவாக்கிய புதுமொழியின் இலக்கணம் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. அலுப்பாக இருக்கும், பலர் புரட்டிவிடுவார்கள். அது சாதாரண மொழியில், இறந்த காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது: புதுமொழி ஓசியானியாவின் ஆட்சிமொழியாக இருந்தது என்று. அப்படியானால் பின்னால் எங்கோ இருந்து, பழைய சொற்கள் அழியாத ஒரு காலத்தில், யாரோ எழுதுகிறார்கள் என்றாகிறது. இது ஓர்வெல் விட்டுவைத்த நம்பிக்கையா, வெறும் எழுத்து வழக்கா என்று விமர்சகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் முதல் கட்சி. காரணம் ஒரு தகவல்தான். அமெரிக்காவின் பெரிய புத்தகக் கழகம் ஒன்று, இந்தப் பின்னிணைப்பையும் நடுவில் வரும் தடைசெய்யப்பட்ட நூலின் பகுதியையும் வெட்டினால் நாவலை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. பெருந்தொகை கிடைக்கும் வாய்ப்பு அது. படுக்கையில் கிடந்த ஓர்வெல் மறுத்துவிட்டார். கழகம் பிறகு நாவலை முழுதாகவே எடுத்துக்கொண்டது.